உப்பில்லாத லீவு

மார்ச் 3, திங்கள்

பிரஷர் 172/104. டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். மூன்றாம் தடவை பட்டையைக் கையில் சுற்ற வந்தபோது, போதும் சார், அது குறையாது என்று நானே சொல்லிவிட்டேன்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"ஓட்டல்ல மாஸ்டர்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை உப்பு பார்ப்பீங்க?"

இதையெல்லாம் யாராவது எண்ணுவார்களா? மூன்று அண்டா சூப், நாலு விதமான சாஸ், மதியக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. முப்பது நாற்பது கரண்டி இருக்கும் என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ சாப்பிட உட்கார்றதுக்கு முன்னாடியே ஒரு சாப்பாட்டை முடிச்சிடுறீங்க."

இரண்டு வாரம் அடுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாதாம். உப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாதாம். திரும்பி வரும்போது மேல் எண் 140-க்குக் கீழே இருந்தால்தான் வேலைக்குப் போகலாம் என்று எழுதித் தருவார். அந்தத் தாள் இல்லாமல் கிச்சனுக்குள் விடமாட்டேன் என்கிறார் முதலாளி. போன வாரம் அண்டா முன்னால் தலைசுற்றி உட்கார்ந்தேன் இல்லையா, அதிலிருந்து அவருக்கு என்னைவிடப் பயம்.

வாயில் போடுவதையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். அதற்குத்தான் இந்த நோட்டு. இன்று வாயில் போட்டது: மாத்திரை.

மார்ச் 4, செவ்வாய்

மகள் கடலோர விடுதி ஒன்றில் எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் பத்து நாளைக்கு ரூம் போட்டுவிட்டாள். "ஊர்ல இருந்தா நீங்க பின்வாசல் வழியா கிச்சனுக்குப் போயிடுவீங்கப்பா" என்றாள். பெற்ற பிள்ளைக்கு அப்பனைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கக் கூடாது.

ரூமில் அடுப்பு கிடையாது. மூன்று வேளையும் வெளியில்தான். உப்பைக் குறைக்க வேண்டியவனை ஓட்டலில் தின்ன அனுப்புகிறார்கள். ஓட்டலில் என்ன நடக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

மார்ச் 8, சனி

வந்து சேர்ந்தோம். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், எதிரே இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ஒரு முழம் கடல்.

பெட்டியைத் திறந்தால் துணிக்கு நடுவில் பிரஷர் மெஷின். என் வீட்டுக்காரி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையும் மாலையும் எண் எடுத்துக் கோடு வரையப் போகிறாளாம். அதற்குக் கட்டம் போட்ட தாள்கூடக் கொண்டுவந்திருக்கிறாள்.

கீழேயே விடுதியின் ஓட்டல். சர்வருக்கு முகத்தைவிட மீசை பெரியது. உட்கார்ந்ததும் இவள் மேசையிலிருந்த உப்பு டப்பாவை எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்தாள். மீசை அதை மறுபடி எங்கள் மேசையில் வைத்தார். இவள் எடுத்தாள். அவர் வைத்தார். நாலாவது தடவை, "இவருக்கு ஆகாதுங்க" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். இரண்டு மேசை தள்ளி இருந்த குழந்தை என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

சூப் குடித்தேன். அருமை. உப்பு சரியாக இருந்தது. அதுதான் கவலையாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

மதியம் வேகவைத்த காய்கறி கேட்டேன். காரட்டும் பீன்ஸும் மினுமினு என்று வந்து இறங்கின. வெந்நீரிலிருந்து எடுத்த காய் துவைத்த துணி மாதிரி மங்கலாக இருக்கும், மினுங்காது. மினுங்கினால் வெண்ணெய். வெண்ணெய் வந்தால் கூடவே உப்பும் வரும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன என்று கேட்டாள். தொழில் ரகசியத்தைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாக வேறு சொல்லித் தொலைத்தேன்.

"நீங்களும் இப்படித்தான் செய்வீங்களா?"

"எல்லா ஓட்டல்லயும் செய்றதுதான்."

"பெரிய டீச்சருக்கு?"

வாயில் காரட் இருந்தது. மென்றுகொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் மெல்ல முடியும்?

பெரிய டீச்சர் இவளுடைய பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இதயத்தில் ஆபரேஷன் ஆனவர். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி உப்பு, வெண்ணெய் இல்லாம செஞ்சு தரச் சொல்றேன் என்று இவள்தான் அவரை எங்கள் ஓட்டலுக்கு அனுப்பினாள். நாலு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆறாம் மேசைக்கு வருகிறார். முதல் வாரம் சொன்னபடிதான் செய்தேன். பாதித் தட்டு திரும்பி வந்தது. என் தட்டு பாதியாகத் திரும்பி வந்ததே இல்லை. அடுத்த வாரம் ஒரு துளி வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. அதற்கடுத்த வாரம் ஒரு துளி என்பது ஒரு கரண்டி. அப்படியே போய்விட்டது.

சொல்லிவிட்டேன். இவள் கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

பேசவில்லை. கையை நீட்டினால் பட்டையைச் சுற்றுகிறாள். 166/100. அதையும் சொல்லவில்லை, தாளில் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் பேசவில்லை. மீசையிடம் பேசுகிறாள். "இவருக்கு இன்னொரு சப்பாத்தி வேணுமான்னு கேளுங்க" என்கிறாள். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

மதியமும் சாயங்காலமும் கடற்கரைச் சாலை ஓட்டல்களில் ஏறி இறங்கினோம். முதல் ஓட்டலில் சூப்பில் உப்பு வேண்டாம் என்றேன். "சரிங்க சார்" என்று அந்த சர்வர் சொன்ன வேகத்திலேயே தெரிந்துவிட்டது. காலையில் போட்ட உப்பை ஒரு மணிக்கு யார் அண்டாவுக்குள் இறங்கிப் பொறுக்குவது? அதே சூப்தான் வந்தது. இரண்டாவது ஓட்டலில் பச்சைக் காய்கறி சாலட், மேலே ஊற்றுவதைத் தனியாகக் கிண்ணத்தில் கொடுங்கள் என்றேன். கிண்ணத்தில் வந்தது. சாலட் மேலேயும் வந்தது. மூன்றாவதில், மீனை எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டேன். "ரொம்ப நல்லா இருக்கும் சார்" என்றார்கள்.

கடற்கரையில் உட்கார்ந்து யோசித்தேன். காலையிலேயே செய்து வைத்ததை யாராலும் மாற்ற முடியாது. நாம் கேட்ட பிறகு அடுப்பில் ஏறுகிற பொருளைத்தான் கேட்க வேண்டும். முட்டை. மீன். தோலோடு வேகவைக்கிற உருளைக்கிழங்கு. நறுக்கித் தருகிற பழம். முப்பது வருஷம் அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்கு, இந்தப் பக்கம் வந்து மூன்று ஓட்டலில் அவமானப்பட்ட பிறகுதான் இது உறைத்தது.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. பக்கத்தில் இருந்தவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 12, புதன்

காலை: கடற்காற்று.

(இதை அடித்துவிட்டு எழுதுகிறேன்.) காலை: உருளைக்கிழங்கு வறுவல், ஒரு பாக்கெட். பெரிய பாக்கெட்.

நடந்துவிட்டு வருகிறேன் என்று போனவன், பஸ் நிற்கும் இடத்துக் கடையில் வாங்கி, பூட்டிக் கிடந்த ஐஸ்கிரீம் கடைக்குப் பின்னால் நின்று தின்றேன். விரலைக்கூட நக்காமல் விடவில்லை. ஐம்பத்து மூன்று வயது.

திரும்பி வந்தால் மெஷின் 168 காட்டுகிறது. இப்படிக் கோள் சொல்கிற சாமானை நான் பார்த்ததே இல்லை.

"இந்தக் காத்து ஒத்துக்கல போல" என்றேன்.

மூன்று நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "கையைக் காட்டுங்க." காட்டினேன். மோந்து பார்த்தாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னைக்கு உங்களுக்குத் தலை சுத்திடுச்சுன்னு போன் வந்தப்போ ஏழாம் வகுப்புல பின்னம் நடத்திட்டிருந்தேன். பாதிக் கணக்கை போர்டுலயே விட்டுட்டு ஓடி வந்தேன். ஆஸ்பத்திரியில வந்து பார்த்தா கையில சாக்பீஸ் இருக்கு. பிசைஞ்சு பிசைஞ்சு பொடியாயிடுச்சு. அது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. எப்படித் தெரியும்? சொன்னாத்தானே தெரியும்! ஏன் சொல்லல? இல்லை, நான்தான் கேட்கவில்லை. அன்றைக்கு நான் கேட்டதெல்லாம் மதியச் சூப்பை யார் பார்த்துக்கொண்டார்கள் என்றுதான்.

மார்ச் 13, வியாழன்

மீசையிடம் சொல்லிப் பயனில்லை. விடுதிக் கிச்சனின் பின்வாசலுக்கே போய்விட்டேன்.

உள்ளே ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும், என் தொடை பருமனில் கை. மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தார். உப்பில்லாமல் ஒரு மீன் வேண்டும் என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"வருஷா வருஷம் உங்களை மாதிரி ஒருத்தர் வந்துடுறீங்க. உப்பில்லாம செய்வேன். மூணு வாய் தின்னுட்டு, என்னம்மா சப்புன்னு இருக்குன்னு தட்டைத் திருப்பி அனுப்புவீங்க. எனக்கு வேற வேலை இல்லையா?"

"நானும் மாஸ்டர்தான்மா" என்றேன்.

கத்தி நின்றது. என் கையைப் பார்த்தார். தீக்காயத் தழும்புகளை எண்ணியிருப்பார் போல. குரல் இறங்கிவிட்டது.

"அப்போ உங்களுக்கே தெரியும்ல அண்ணா. ஒரு மணிக்கு வந்து கேட்டா நானும் தலையாட்டுவேன், கை பழக்கத்துல போட்டுடும். பதினொன்றரைக்கு வாங்க. கூட்டம் வந்திருக்காது. வெறும் சட்டியில சுட்டுத் தர்றேன்."

பதினொன்றரைக்குப் போனோம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து மீனை வைத்தார். ஈரத் துணியை மென்ற மாதிரி இருந்தது. அந்த அம்மாள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். முள் தவிர எல்லாவற்றையும் தின்றேன். தொழில்காரன் முன்னால் தொழில்காரன் தட்டைத் திருப்பி அனுப்ப முடியுமா?

மார்ச் 14, வெள்ளி

மீன். உருளைக்கிழங்கு. ஈரத் துணி. 156/94.

இன்று வெள்ளிக்கிழமை என்பதை நாங்கள் இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

மார்ச் 15, சனி

முட்டை. பப்பாளி. மீன்.

சாயங்காலம் ஒரு அதிசயம். வெறும் காரட்டைக் கடித்தேன், இனித்தது. சர்க்கரை போட்டிருக்கிறார்களா என்று மீசையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "காரட்டுல யாராவது சர்க்கரை போடுவாங்களா சார்?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இவள் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "எப்பவும் இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

எப்பவுமா?

மார்ச் 16, ஞாயிறு

149/90. கோடு இறங்குகிறது. இவள் தாளைத் தூரப் பிடித்து அழகு பார்க்கிறாள்.

எனக்குத்தான் வேறு பயம். முதல் நாள் அருமை என்று எழுதினேனே ஒரு சூப், அதை இன்று ஒரே ஒரு கரண்டி வாங்கி வாயில் வைத்தேன். கடலில் முங்கி எழுந்த மாதிரி இருந்தது. பக்கத்து மேசைக்காரர் அதையே ஆனந்தமாகக் குடிக்கிறார். அப்படியென்றால் சூப் மாறவில்லை. என் நாக்கு மாறிவிட்டது. நாக்குதானே என் பிழைப்பு? இதை வைத்துக்கொண்டு இருநூறு பேருக்கு எப்படி உப்பு பார்ப்பேன்? பிரஷர் இறங்கி, வேலை போய்விட்டால்?

பின்வாசலுக்குப் போய்ச் சமையல்கார அம்மாளிடம் புலம்பினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணா. எனக்கு நாக்கே கிடையாது" என்றார்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல். எழுந்தபோது வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. திரும்பி வரவே இல்லை.

"அப்புறம் எப்படிம்மா?"

அலமாரியைத் திறந்து ஒரு தராசைக் காட்டினார். பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு தாள். அண்டா அளவு, உப்பு அளவு, கிராம் கணக்கில். "அளந்துதான் போடுறேன். மீசைக்குக்கூடத் தெரியாது. இந்தத் தெருவுலயே என் சூப்தான் நல்லா இருக்குன்னு பேரு."

மேலே போய் இவளிடம் மட்டும் சொன்னேன். "கிராம் கணக்கிலயா?" என்று கேட்டாள். அந்த அம்மாளின் மேல் ஒரு தனி மரியாதை வந்துவிட்டது அவளுக்கு. என்மேல் இன்னும் முழுதாக வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

கிளம்பிவிட்டோம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று, "பெரிய டீச்சர்கிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

சரி என்றேன்.

மார்ச் 19, புதன்

136/88. டாக்டர் தாளில் கையெழுத்துப் போட்டார். நோட்டு எங்கே என்றார். தின்றதை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். முட்டாள்தனமாக இதையே நீட்டிவிட்டேன். ஐஸ்கிரீம் கடைக்குப் பின்னால் நின்றதை நர்ஸுக்கு வாசித்துக் காட்டினார். பின்னோக்கிப் புரட்டி, காய்கறி மினுங்குகிற பக்கத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் தினமும் மதியம் ஓட்டல்ல இதைத்தானே சாப்பிடுறேன்" என்றார்.

மார்ச் 20, வியாழன்

வேலை. கிச்சனில் எனக்கு அடுத்தபடி இருப்பவரை எல்லாரும் அக்கா என்போம். என்னைவிட எட்டு வயது சின்னவர், ஆனாலும் அக்காதான். தராசு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். கேலி செய்வார் என்று நினைத்தேன், மேடையில் அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

விடுதி அம்மாளின் கணக்குப்படி நான் சூப்புக்கு உப்பை அளந்து போட்டு முடித்ததும் அக்கா ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தார். இன்னொரு கரண்டி எடுத்தார். கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார்.

"அது எதுக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணா."

"சொல்லு அக்கா."

"நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் ஒரு அண்டாவுக்கு ரெண்டு செம்பு தண்ணி ஊத்துவேன். உங்க கை வர வர ஏறிட்டே போச்சு. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு... ஆறு வருஷமா ஊத்துறேன். இன்னைக்கு வேண்டாம்."

ஆறு வருஷம்! ஊரே என் சூப்பைப் புகழ்ந்ததே. அது இந்தச் செம்போடு சேர்த்துத்தானா?

கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

ஆறாம் மேசை. பெரிய டீச்சர் வழக்கம்போல் பன்னிரண்டேகாலுக்கு வந்தார். சர்வரை ஆர்டர் சீட்டு எழுத விடாமல் நானே போய் எதிரில் நின்றேன். முப்பது வருஷத்தில் சாப்பிடுகிற பக்கம் ஏப்ரனோடு போனது இதுதான் முதல் தடவை. சொல்ல வேண்டியதை வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். ஒன்றும் நினைவில்லை. வெண்ணெய், உப்பு, நாலு வருஷம், மன்னிச்சிடுங்க என்று வரிசை தப்பித் தப்பிக் கொட்டினேன்.

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். அழப்போகிறார் என்று பயந்துவிட்டேன். சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"ரெண்டாவது வாரமே தெரியும் தம்பி. முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைங்க சொன்ன பொய்யைக் கேட்டவ நான். வெண்ணெய் எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் டீச்சர் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவியே! வீட்டுல மருமக எல்லாத்தையும் கூழா வேகவச்சு வைக்கிறா. ஆறு நாள் அதைத் தின்னுட்டு, ஏழாவது நாள் எதுக்கு இவ்வளவு தூரம் வர்றேன்னு நெனச்ச? போ, போய் எப்பவும் செய்ற மாதிரி செஞ்சு கொண்டா."

"மாட்டேன் டீச்சர்."

சிரிப்பு போய்விட்டது. "எனக்கு வயசு எழுபத்தொண்ணு" என்றார். என்னைப் பள்ளிக்கூட வராந்தாவில் முட்டிபோட வைத்த மாதிரி ஒரு பார்வை. நான் நகரவில்லை. "எனக்குத் தலை சுத்தினப்போ எங்க வீட்டுக்காரி கையில சாக்பீஸோட ஓடி வந்தா டீச்சர். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அது என் கரண்டியால ஆச்சுன்னு அவ என்கிட்ட ஆயுசுக்கும் பேச மாட்டா."

மேசைவிரிப்பை நீவிவிட்டார். "சரி, கொண்டா. ஆனா நீயும் உட்கார்ந்து அதையே தின்னணும்."

இரும்புச் சட்டியைக் காயவிட்டு, பூண்டைச் சுட்டு நசுக்கித் தடவி, மீனின் தோல் மொறுமொறுப்பாகும்வரை விட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகைத் தட்டிப் போட்டேன். இரண்டு தட்டு. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். முதலாளி கல்லாவிலிருந்து வாயைப் பிளந்து பார்த்தார்.

பாதி தின்றதும், "கூழா இல்ல" என்றார் பெரிய டீச்சர். மீதியையும் தின்று முடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் இவள், "சொன்னீங்களா?" என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் மெஷினை எடுத்து வந்து என் கையில் சுற்றினாள்.

மார்ச் 25, செவ்வாய்

பெரிய டீச்சர் வந்து நிற்கிறார். இன்று வெள்ளிக்கிழமை இல்லையே என்றேன். "தெரியும். இவளைக் கூட்டிட்டு வந்தேன். அந்த மீனை எப்படிச் செய்றதுன்னு காட்டு" என்று மருமகளைக் கிச்சனுக்குள் தள்ளிவிட்டு ஆறாம் மேசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மருமகள் ஒல்லியான பெண், அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டு வந்திருக்கிறார். கையில் நோட்டு. பூண்டு எத்தனை பல், சட்டி எவ்வளவு காய வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதினார். மீனைச் சட்டியில் போட்டதும், "இதுக்கு உப்பு எப்போ போடணும்?" என்றார்.

"போடவே வேண்டாம்மா."

வெளியே எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கமாகக் குனிந்தார். "நான் வீட்டுல கொஞ்சம் போட்டுடுவேன் சார். தட்டைத் தள்ளித் தள்ளி வைப்பாங்க, பார்க்கப் பாவமா இருக்கும். அத்தைகிட்ட சொல்லிடாதீங்க."

அக்கா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

அடுப்பைவிட்டு நகர்ந்து மருமகளுக்கு இடம் விட்டேன். அவர் நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துணியால் சட்டியின் பிடியைப் பிடித்தார். மீனை ஒரே புரட்டாகப் புரட்டினார். தோல் கிழியவில்லை.